விழுந்தாலும் ஆடுவோம்

காலை 8.42.

ரயில் நிலையத்தின் பெரிய படிக்கட்டில் ஒரு பெண் தலைகீழாகக் கிடந்தாள். இடது காலில் ஷூ இல்லை. சுற்றி முந்நூறு பேர் நின்றிருந்தார்கள். கை தட்டினார்கள்.

அவளோடு ஆடியவர்கள் பதினைந்து பேர். அவர்கள் நிறுத்தவில்லை. இன்னும் பதினோரு நொடி ஆடினார்கள். பாட்டு முடிந்தது. கைகளை உயர்த்தி அசையாமல் நின்றார்கள். பிறகுதான் ஒருத்தி அலறினாள். அதற்கும் கை தட்டினார்கள்.

புதிய இசை நாடகம் ஒன்றுக்கான விளம்பரம் அது. பயணிகளைப் போல வந்து, பாட்டு கேட்டதும் திடீரென்று ஆடுவது. நாடகத்தின் போஸ்டர் நிலையம் முழுக்க ஒட்டியிருந்தது. அதில் ஒரே வரி: விழுந்தாலும் ஆடுவோம்.

இறந்தவளுக்கு முப்பத்தெட்டு வயது. குழுவில் மூத்தவள். எல்லோருக்கும் பெரியக்கா. கணவருக்கு யாரும் செய்தி சொல்லவில்லை. அவருடைய போனுக்கு வீடியோ வந்தது. அனுப்பியவர் கூடவே ஒரு சிரிக்கும் முகமும் போட்டிருந்தார்.

9.30.

இன்ஸ்பெக்டர் நான்காம் படியில் குனிந்து விரலால் தடவினாள். மெழுகு. நிறமில்லாதது. ஒரு முழ அகலத்துக்கு அழுத்தித் தேய்த்திருந்தார்கள்.

கீழிருந்து பார்த்தால் படிக்கட்டுக்கு இடப்பக்கம் புத்தகக் கடை. வலப்பக்கம் டிக்கெட் கவுன்ட்டர். மெழுகு இருந்தது கவுன்ட்டர் பக்கம், பெரியக்கா இறங்கி வந்த வழியில். படிக்கட்டைப் பார்க்கும் நிலையத்துக் கேமரா மூன்று மாதமாக வேலை செய்யவில்லை.

மேலதிகாரி போனில் வந்தார்.

"துப்புரவு பார்க்கிற பொம்பள ஏதோ பாலிஷ் போட்டிருக்கா. அஜாக்கிரதை. ஆறு மணிக்குள்ள கேஸைப் போட்டு அவளை உள்ள வைங்க. ஊரே பார்க்குது."

"பார்க்கிறது ஆட்டத்தை, சார்."

"ஆறு மணி."

துப்புரவுப் பெண் கழிப்பறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். முழங்கை வரை ரப்பர் கையுறை. பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள் நின்று அந்த வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டரைக் கண்டதும் போன் பைக்குள் போனது.

"படியை எப்போ கழுவினீங்க?"

"ஏழு மணிக்கு முடிச்சுட்டேன், மேடம். வழுக்கும்னு எழுதின மஞ்சள் போர்டு இருக்குல்ல, அதைக் கீழ மூலையில சாத்திட்டு வந்தேன்."

"எட்டரைக்கு அது கவுன்ட்டர் பக்கம் நாலாவது படியில நின்னுச்சுன்னு புத்தகக் கடைக்காரர் சொல்றார். ஆட்டம் ஆரம்பிச்சப்போ இல்ல."

"போர்டுக்குக் கால் முளைச்சுச்சா? அப்போ நான் கக்கூஸ் கழுவிட்டு இருந்தேன்."

"யாராவது பார்த்தாங்களா?"

"கக்கூஸ் கழுவுறவளை யார் மேடம் பார்க்கிறா?"

"என்ன போட்டுக் கழுவுவீங்க?"

"தண்ணி. சோப்பு கேட்டே நாலு மாசம் ஆச்சு. பாலிஷாம் பாலிஷ்! நான் துடைச்சா படி முழுக்கத் துடைப்பேன். ஒரு முழம் மட்டும் துடைக்க எனக்கென்ன வேண்டுதலா?"

"கையுறை எப்பவும் உண்டா?"

"கழட்டினா கை வெந்துடும். ஆசிட்."

அவள் கான்ஸ்டபிளின் சட்டைப் பையைப் பார்த்தாள்.

"வீடியோவுக்குக் கீழ என் படத்தைப் போட்டு, இவதான் கொன்னானு எழுதியிருக்காங்களாம். என் மருமகன் போன் பண்றான். 'அத்தை, நீங்களும் ஃபேமஸ் ஆயிட்டீங்க'னு சிரிக்கிறான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நான் உள்ள போனா என் பொண்ணு அவனோட எப்படி மேடம் குடித்தனம் பண்ணுவா?"

இன்ஸ்பெக்டர் மஞ்சள் போர்டை உறையில் போட்டுச் சோதனைக்கு அனுப்பினாள்.

10.45.

நாடகக் கம்பெனியின் விளம்பர அதிகாரிக்கு முப்பது வயது. அறைச் சுவரில் பெரிய திரை. திரையில் ஒரு எண். அது ஏறிக்கொண்டே இருந்தது.

"ரெண்டு கோடி, மேடம்," என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "ரொம்பத் துக்கமா இருக்கு."

"வீடியோவை எடுத்துடலாமே?"

"எடுத்தா அவங்களுக்குத்தான் அவமரியாதை. அவங்களோட கடைசி ஆட்டம். மூலையில கறுப்பு ரிப்பன் போட்டிருக்கோம், பார்த்தீங்களா? அசையும்."

ரிப்பன் அசைந்தது.

"டிக்கெட்?"

"ஆறு வாரத்துக்கு வித்துத் தீர்ந்துடுச்சு. நேத்து வரைக்கும் ஈ ஓட்டிட்டு இருந்தோம். காபி ஆறுது, மேடம்." கோப்பையைத் தன் கையால் எடுத்து அவள் பக்கம் நகர்த்தினான்.

இன்ஸ்பெக்டர் காபியைத் தள்ளி வைத்தாள்.

"இந்த ஆட்டத்தைப் பத்தி உங்களுக்கு எவ்வளவு தெரியும்?"

"டான்ஸ் மாஸ்டரைவிட அதிகம். ஒத்திகைக்கெல்லாம் போனதில்ல, எனக்கு ஏது நேரம்? அவர் அனுப்புற வீடியோதான். யாரு எங்க நிப்பா, எந்தப் பாட்டு வரியில எந்தப் படி, தூக்கத்துல எழுப்பிக் கேளுங்க, சொல்றேன்."

போனைக் காட்டினான். கறுப்புச் சட்டை போட்ட பதினாறு பேர், கேமராவைப் பார்த்து, இரண்டு வரிசையாக முன்னேறினார்கள். படிகளுக்குப் பதில் தரையில் சுண்ணாம்புக் கோடுகள். முன்னால் பெரியக்காவும், ரெட்டைச் சடை போட்ட ஒரு சின்னப் பெண்ணும். பின்சுவரில் எண்களே இல்லாத ஒரு கடிகாரம், வெறும் முட்களும் கோடுகளும். அதற்கு வலப்பக்கம் ஜன்னல்.

"ஸ்டேஷன்ல ஒத்திகை பார்த்தீங்களா?"

"பார்த்தா ரகசியம் போயிடுமே. இன்னிக்குத்தான் முதல் தடவை."

"இதை எனக்கும் அனுப்புங்க. காலையில எங்க இருந்தீங்க?"

"ஸ்டேஷன்லதான். எட்டு மணியில இருந்து கூட்டத்தோட கூட்டமா."

12.20.

ஒத்திகைக் கூடம் ஒரு கிடங்கின் மாடியில் இருந்தது. வியர்வையும் ஷூ நாற்றமும். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. இன்ஸ்பெக்டர் கண்ணாடிக்கு முதுகு காட்டி நின்று எதிர்ச்சுவரைப் பார்த்தாள். கடிகாரம். அதற்கு இடப்பக்கம் ஜன்னல். தரையில் சுண்ணாம்பு இன்னும் அழியவில்லை.

நடன மாஸ்டர் நாற்காலியில் உட்காராமல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவங்க விழுந்தப்புறமும் ஏன் ஆடினீங்க?"

"அது எங்க பழக்கம், மேடம். விழுந்தவங்களுக்காக நிக்கக் கூடாது. ஒருத்தர் நின்னா பின்னால வர்ற எல்லாரும் விழுவாங்க."

"செத்தாலும்?"

மாஸ்டர் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தார்.

ரெட்டைச் சடைப் பெண் மூலையில் உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது வயது. மடியில் ஒற்றை ஷூ.

"அக்காவுக்கு ஆகாதவங்க யாராவது?"

"அக்காவுக்கா? எங்க எல்லாருக்கும் காலைப் பிடிச்சு விடுவாங்க, மேடம். நாங்க வேணாம்னாலும் விட மாட்டாங்க. 'அடியே, இந்தக் கால்தான்டி உனக்குச் சோறு போடுது'னு திட்டிட்டே பிடிப்பாங்க."

"யாரோடவும் சண்டை இல்லையா?"

"மாஸ்டரோட ஒரு தடவை. என்னை முன்னாடி நிறுத்தினதுக்கு. சின்னப் பொண்ணு, படியில பயப்படுவா, பின்னால விடுங்கனு சொன்னாங்க."

"அது என் முடிவில்ல," என்றார் மாஸ்டர். "சின்னப் பொண்ணுதான் முன்னாடி வரணும்னு ஆபீஸ்ல சொன்னாங்க. சரினு, துணைக்குப் பெரியக்காவையே பக்கத்துல நிறுத்தினேன்."

2.40.

கேமராமேன் நான்கு கேமராக்களின் பதிவுகளையும் போட்டுக் காட்டினான். மூன்று தூரத்திலிருந்து எடுத்தவை. ஊர் பார்த்தது அவற்றைத்தான். நான்காவதில் படியின் ஓரம் மட்டும். வெள்ளை ஷூ போட்ட இரண்டு கால்கள் வந்தன, படியில் பதிந்தன, போயின. வேறொன்றும் இல்லை.

"இது எங்க வெச்சது?"

"புத்தகக் கடைப் பக்கம். கம்பியில கட்டினேன். வீண், மேடம். ஒண்ணும் விழல."

"எதுக்கு வெச்சீங்க?"

"ஆபீஸ்ல சொன்னாங்க. ரெட்டைச் சடைப் பொண்ணு வர்ற பக்கம், நாலாவது படி, காலும் முகமும் கிட்டத்துல தெரியணும், கேமராவை அசைக்கவே கூடாதுன்னு. ஒத்திகை பார்த்திருக்கேன்ல, அவ எந்தப் பக்கம் வருவான்னு தெரியும். ஏதாவது ஷூ கம்பெனிக்காரன் கேட்டிருப்பான்னு நினைச்சேன்."

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் உட்கார்ந்து ஒத்திகை வீடியோவைத் திரும்பப் போட்டாள். இந்தத் தடவை ஆடுகிறவர்களைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள். அரை நிமிடம். பிறகு மாஸ்டருக்குப் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஆமா, மேடம்," என்றார் மாஸ்டர். "எப்பவும் அப்படித்தான். ஏன்?"

4.30க்கு ஆய்வகத்திலிருந்து தகவல் வந்தது. போர்டில் ஒரே ஆளின் கைரேகை. 10.45க்குத் தள்ளி வைத்த காபிக் கோப்பையை அவள் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். இரண்டும் பொருந்தின.

5.10.

விளம்பர அதிகாரி படிக்கட்டின் கீழே போனோடு நின்றான். மாஸ்டரும் வந்திருந்தார்.

"நாலு கோடி, மேடம். சொல்லுங்க, பேட்டியா?"

"மஞ்சள் போர்டை எதுக்குத் தொட்டீங்க?"

"வழியில இருந்துச்சு. எடுத்து வெச்சேன். நல்லது பண்ணாலும் தப்பா?"

"வழியில வெச்சதும் நீங்கதான். அந்தம்மா கை பட்டிருந்தா கையுறைதான் பட்டிருக்கும். எட்டரைக்கு மெழுகு தேய்ச்சீங்க. அதுக்குள்ள வேற யாரும் மிதிச்சு விழுந்துடக் கூடாதுன்னு போர்டை நிறுத்தினீங்க. பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எடுத்துட்டீங்க."

"எனக்கு எதுக்கு மேடம் பெரியக்கா மேல கோபம்?"

"கோபமே இல்ல. காலையில இருந்து பெரியக்காவுக்கு எதிரி யாருன்னு தேடினேன். இல்ல. ஏன்னா விழ வேண்டியது அவங்களே இல்ல. சின்னப் பொண்ணை முன்னாடி நிறுத்தச் சொன்னது நீங்க. அவ காலுக்குக் கேமரா வெக்கச் சொன்னதும் நீங்க. விழுந்தாத்தானே முகம் அதுல தெரியும்? கேமரா புத்தகக் கடைப் பக்கம். மெழுகு மட்டும் கவுன்ட்டர் பக்கம். ஒத்திகையைக் கண்ணால பார்த்த யாரும் பக்கத்தை மாத்த மாட்டாங்க. மாத்தினவர், போன்ல மட்டும் பார்த்தவர்."

அவன் போனைப் பார்த்தான்.

"மாஸ்டர், சொல்லுங்க."

"வீடியோவைத் திருப்பித்தான் அனுப்புவோம்," என்றார் மாஸ்டர். "கண்ணாடியில தெரியுற மாதிரி. அப்பத்தான் பார்த்துப் பழகறவங்களுக்கு வலது கை வலது கையாவே தெரியும். ஆடுறவங்களுக்கெல்லாம் தெரியும். அதனால யாருக்கும் தனியா சொன்னதில்ல."

"கூடத்துல கடிகாரத்துக்கு இடப்பக்கம் ஜன்னல். வீடியோவுல வலப்பக்கம். சின்னப் பொண்ணும் அப்படித்தான் பக்கம் மாறித் தெரிஞ்சா," என்றாள் இன்ஸ்பெக்டர். வீடியோவைத் தன் போனில் ஓடவிட்டு நீட்டினாள். "நொடி முள்ளைப் பாருங்க."

அவன் பார்த்தான். நொடி முள் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு சுற்று பார்த்தான்.

"சே," என்றான். "இதைக் கவனிக்கலையே."

மாஸ்டர் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு சின்ன விழுதல், மேடம்," என்றான் விளம்பர அதிகாரி. "அவ்வளவுதான். சின்ன வயசு, எலும்பு வளையும். விழுவா, எழுந்திருப்பா, அழுதுட்டே ஆடுவா. போஸ்டர்ல இருக்கிற அதே வரி. ஊரே உருகியிருக்கும். யாரும் சாகணும்னு நான் நினைக்கல."

"செத்தப்புறம் அரை மணி நேரத்துல வீடியோவைப் போட்டீங்க."

"அது வேலை, மேடம்."

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டாள். விளம்பர அதிகாரியைத் தன் கையால் தொட அவளுக்கு மனம் வரவில்லை.

ஜீப்பில் ஏறும்போது அவன் திரும்பினான்.

"போனை யார் வெச்சுப்பீங்க? கமென்ட்டுக்குப் பதில் போட்டுட்டே இருக்கணும். விட்டா எண்ணிக்கை படுத்துடும்."

6.05.

மேலதிகாரியின் மேஜைக்கு வேறு காகிதம் போயிற்று. துப்புரவுப் பெண்ணிடம், நீ போகலாம் என்றார்கள். அவள் வீட்டுக்குப் போகவில்லை. படி அப்படியே கிடக்கிறதென்று மேற்பார்வையாளர் கூப்பிட்டுவிட்டார். மாலை வண்டிகளுக்குக் கூட்டம் வரும் நேரம்.

அவள் வாளியோடு வந்தபோது படிக்கட்டில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். எதிரே போனை நிறுத்தி வைத்திருந்தார்கள். பாட்டு கேட்டது. இரண்டு வரிசையாக இறங்கினார்கள். நான்காம் படி வந்ததும் கவுன்ட்டர் பக்கம் வந்த பெண் மல்லாந்து விழுந்தாள். கண்ணை மூடிக் கிடந்தாள். மற்றவர்கள் பதினோரு நொடி ஆடினார்கள். பிறகு எல்லோரும் ஓடிப்போய் போனைப் பார்த்தார்கள்.

"தலை சரியா சாயல," என்றான் ஒருவன். "இன்னொரு தடவை."

துப்புரவுப் பெண் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். பிறகு கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, புதிய மஞ்சள் போர்டை எடுத்துப் போய் நான்காம் படியில் நிறுத்தினாள்.

அவர்கள் அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு ஆடினார்கள்.