குச்சிக்கிழங்குக் காட்டுக்கு வந்த குளவி

"அடிக்காதீங்க... ஏனுங்க, மருந்தடிக்காதீங்க!"

குரல் வந்த பக்கம் தனப்பிரியா திரும்பினாள். முதுகிலிருந்த ஸ்பிரேயரும் திரும்பியது, கையிலிருந்த குழாயும் திரும்பியது. குச்சிக்கிழங்கு என்று அந்தப் பக்கம் சொல்லும் மரவள்ளிச் செடிகளை விலக்கிக்கொண்டு ஓடி வந்தவனின் சட்டை கழுத்திலிருந்து இடுப்பு வரை நனைந்தது. நல்லவேளை, டேங்கைக் கழுவ ஊற்றியிருந்த வெறுந்தண்ணீர்.

"உசுர உட வேற காடு கெடைக்கலீங்களா உங்களுக்கு?"

"பக்கத்துக் காட்டுல நேத்துத்தான் குளவி உட்டிருக்கறேனுங்க. நீங்க இப்ப மருந்தடிச்சா அத்தனையும் செத்துப்போகும்..."

"குளவியா? களையெடுக்கறவங்களைக் கொட்டி வெக்கவா?"

"ஆளக் கொட்டாதுங்க. மாவுப்பூச்சியத்தான்..."

சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து நீட்டினான். உள்ளே கடுகிலும் சிறிதாக என்னவோ ஊர்ந்தன. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலு ஏக்கரிலும் கொழுந்தைச் சுருட்டி, வெள்ளை மாவாக அப்பிக் கிடக்கும் பூச்சியை இந்தப் பொடிசுகளா விரட்டப் போகின்றன?

அவன் பெயர் மோகன்குமார். சேந்தமங்கலத்தில் விவசாயிகளே சேர்ந்து நடத்தும் உழவர் கம்பெனியின் களப்பணியாளன். மருந்தடிக்காத கிழங்கு என்றால் சிப்ஸ் போடுகிறவர்களுக்கு நேராகவே அனுப்பலாம், ஜவ்வரிசி மில் புரோக்கர் சொல்வதுதான் விலை என்று நிற்க வேண்டாம் என்றான். சொல்லச் சொல்ல இமை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அந்தக் கண்களில் கோபமே இல்லை... கெஞ்சல்தான் இருந்தது.

"இருவத்தஞ்சு நாள் பொறுங்க. அவ்வளவுதானுங்க."

அவனுக்கு அது அவ்வளவுதான். அவளுக்கு? 'ஒரே ஒரு வெள்ளாமை என் கையில உடுங்கப்பா. நட்டமாப் போச்சுன்னா நீங்க சொல்ற எடத்துக்குக் கழுத்த நீட்டறேன்' என்று அப்பா சென்னியப்பனிடம் வாய்விட்டிருந்தாள். திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் வீட்டிலிருந்து பெண் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். காடு போனால் அவள் வாழ்க்கை அங்கேதான்.

இருந்தும் சரி என்றாள். அந்தக் கண்ணுக்காகவா? சேச்சே...

அவள் காட்டிலும் குளவியை விட்டான். மூன்று நாளைக்கு ஒருமுறை வந்தான். லென்ஸை வைத்துக்கொண்டு இலை இலையாகப் பார்த்தான். அவன் வரும் நாட்களில், வெயிலுக்குப் போட்டுக்கொள்ளும் அப்பாவின் பழைய சட்டை ஏனோ துவைத்து மடித்ததாக இருந்தது.

பதினெட்டாம் நாள் பார்த்தால், கொழுந்துகள் இன்னும் மோசமாகச் சுருண்டிருந்தன.

"உங்க பேச்சக் கேட்டு எங் காட்டையே கெடுத்துக்கிட்டேன்!"

"நம்பிக்கை இல்லீன்னா மருந்தே அடிச்சுக்கங்க."

அவன் வண்டியை உதைத்துக்கொண்டு போய்விட்டான். அவளும் போன் செய்யவில்லை. நான் எதுக்குக் கூப்பிடணும்? இரண்டு பெண்களைக் கூட வைத்துக்கொண்டு சுருண்ட கொழுந்துகளை ஒடித்துக் காட்டு மூலையில் குவித்தாள். காய்ந்ததும் எரிப்பது வழக்கம். அதிலிருந்து ஒரு கொத்தை மட்டும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, துணியால் வாயைக் கட்டி வைத்தாள். அவன் முகத்துக்கு நேராகக் காட்ட வேண்டும்.

மூன்றாம் நாள் மாலை உழவர் கம்பெனி ஆபீசுக்கே போய், டப்பாவை அவன் மேசை மேல் வைத்தாள்.

"பாருங்க, உங்க குளவி கிழிச்ச கிழியை!"

அவன் டப்பாவைப் பார்த்தான். லென்ஸை அவள் கையில் கொடுத்தான். விரல் பட்டது...

"நீங்களே பாருங்க."

பார்த்தாள். மாவுப்பூச்சிகள் அசையவில்லை. பழுப்பேறி, உள்ளே ஒன்றுமில்லாத கூடாகிக் கிடந்தன. ஒரு கூட்டின் முனையில் ஊசி குத்தியது போல ஓட்டை விழுந்தது. ஓட்டை அகன்றது. இரண்டு மீசை வெளியே வந்தது... பிறகு தலை... பிறகு மின்னும் இறக்கை. பூச்சியின் வயிற்றுக்குள் வளர்ந்த குளவி, கதவு திறந்து வருவதைப் போல வந்து நின்றது. துணியின் உட்புறமெல்லாம் அவைதான், டசன் கணக்கில். அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. யாரும் பார்க்காமல், யாரும் கேட்காமல், இத்தனை நாளும் தன் காட்டில் இந்த வேலை நடந்திருக்கிறது! கண் நிறைந்துவிட்டது.

"மத்த கொழுந்தெல்லாம் எங்கீங்க?" அவன் குரல் மாறியிருந்தது.

"ஒடிச்சுக் குமிச்சிருக்கு... அப்பா இன்னைக்கு..." அவள் வாசலுக்குத் திரும்பிவிட்டாள். "எரிக்கறேன்னாரு!"

அவன் வண்டியில்தான் பறந்தார்கள். கொல்லிமலைப் பக்கமிருந்து தூறல் எதிரே வந்தது. காட்டு மூலையில் சென்னியப்பன் குவியலின் அடியில் கொளுத்திய காகிதத்தைச் செருகிக்கொண்டிருந்தார். வண்டி நிற்பதற்குள் குதித்த தனப்பிரியா, அதைப் பிடுங்கி மண்ணில் போட்டு மிதித்தாள்.

"என்ன சாமி, கையச் சுட்டுக்கிட்டயா?" அப்பா பதறி மகளின் கையைப் பிடித்துப் பார்த்தார்.

அவள் ஒரு கொத்தை எடுத்து, லென்ஸை அவர் கண்ணருகே பிடித்தாள். அவர் வெகுநேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்தபோது மேல்துண்டைக் கையில் எடுத்திருந்தார், கோயிலில் நிற்கிறவரைப் போல.

"இத்தன வருசமா... இதையும் சேத்தியா மருந்தடிச்சுக் கொன்னோம்?"

"தப்பு என்னுதுதானுங்க," என்றான் மோகன்குமார். "சுருண்ட கொழுந்த எரிங்கன்னு மீட்டிங்குக்கு மீட்டிங்கு சொன்னதே நாங்கதான். குளவி உட்டா எரிக்கப்படாதுன்னு இவங்ககிட்டச் சொல்ல மறந்துட்டேன். கோவிச்சுக்கிட்டு வராமயும் இருந்துட்டேன்."

"மாசம் ஒருக்கா வந்தாப் போதும்னு உங்க கம்பெனியில சொன்னாங்க," என்றாள் அவள் மெல்ல. "நீங்க ஏன் அத்தன தடவ வந்தீங்க?"

"மொத ரெண்டு தடவ பூச்சி பாக்கத்தானுங்க..."

மழையில் நனைந்த அந்த முகத்தை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சென்னியப்பன் தொண்டையைச் செருமினார்.

"காடு பொழச்சுக்கும் போல. பந்தயத்துல நீ செயிச்சுட்ட சாமி. திருச்செங்கோட்டுக்காரங்க வெள்ளிக்கெழம வாரேன்னாங்க... வேண்டாம்னு சொல்லீரட்டுமா?"

"சொல்லீருங்கப்பா. ஆனா செயிச்சதால இல்ல..." அப்பாவிடம்தான் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் அவள் பார்வை மோகன்குமாரின் கண்களுக்குப் போய், அங்கேயே நின்றுவிட்டது.

"காடு மொத்தமாப் போயிருந்தாலும், வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்."