கல் கேட்ட இரண்டு கல்யாணங்கள்

நாகப்பட்டினம் கல்செவி நிலையத்தின் விசாரணை அறையில் அன்று காலை நால்வர் இருந்தனர். மேசையின் தலைப்பக்கத்தில் கல்செவிக் கருவியை உருவாக்கிய இயக்குநர் அமரேசன். அவருக்கு வலப்புறம், மார்ஜரி சீமாட்டியின் வம்சத்துக்காக வக்கீல் சிகாமணி. இடப்புறம், ராணியின் வம்சத்துக்காக வக்கீல் ஹெலன் தேவசகாயம். கடைக்கோடியில், கைப்பிடி இல்லாத நாற்காலியில், கருவியை இயக்கும் பூங்கோதை. நடுவே, இங்கிலாந்திலிருந்து வந்து மூன்று மாதமான தேவாலயக் கல்.

எழுநூறு ஆண்டுகளுக்கு முன் அந்தக் கல்லின் முன்னால் விதவை மார்ஜரியை அரசன் ரகசியமாக மணந்தானா? மணந்திருந்தால் பிறகு வந்த ராணியின் திருமணம் செல்லாது. அவள் வழிவந்தவர்களின் பட்டமும் செல்லாது.

கல்லில் படிந்த பேச்சைக் கல்செவி அடுக்கடுக்காக உரித்து ஒலிக்கவிடும். புதியது முதலில், பழையது கடைசியில். ஒருமுறை ஒலித்த அடுக்கு அதோடு அழிந்துவிடும்.

“இங்க வந்த பிறகு படிஞ்சதை ஊமையா உரிச்சிடு,” என்றார் அமரேசன், பூங்கோதையின் முகத்தைப் பார்க்காமல்.

சிகாமணி மேசையைத் தட்டினார். “அதெப்படி சார்? ஊமையா உரிச்சா நீங்க உள்ள என்ன செஞ்சீங்கன்னு யாருக்குத் தெரியும்? ஒரு சொல் விடாம கேக்கணும். நீங்க எழுதின விதிதானே?”

“பெருக்குறவங்க இருமினதையும் கேளுங்க வக்கீலய்யா. பொழுது போகும்,” என்று ஹெலன் சிரித்தார்.

பூங்கோதையின் விரல் ஊமைப் பொத்தான்மேல் நின்றது. அந்த அடுக்கில்தான் அவளுடைய ஒரே சாட்சி இருந்தது. வரும் வியாழக்கிழமை காரைக்குடியில் அமரேசனுக்குக் கல்யாணம். போன வாரம் அவள் கேட்டதற்கு, “கனவு கண்டியா?” என்று கதவைக் காட்டியிருந்தார்.

விரலை எடுத்துக்கொண்டாள்.

துடைப்பச் சத்தம். யாரோ தும்மினார்கள். பிறகு அமரேசனின் குரல்: “இந்தக் கல்லு முன்னாடி சொல்றேன் பூங்கோதை, இனி நீதான் என் பொண்டாட்டி. ஆனா யாருக்கும் தெரிய வேணாம். நேரம் வரட்டும்.”

ஹெலனின் சிரிப்பு நின்றது.

“பொய்!” அமரேசன் எழுந்துவிட்டார். “கருவி பழுது. இயக்குறவ மனசுல இருக்கறதைக் குரலாக்கிக் காட்டுது. இதை நம்பவே முடியாது.”

“குறிச்சுக்கவா சார்?” என்று பூங்கோதை பேனாவை எடுத்தாள்.

“தாராளமா குறிச்சுக்க!”

அடுக்குகள் உரிந்தன. செபங்கள், சண்டைகள், சாவு மணிகள். கடைசியில் ஓர் ஆண்குரல். மொழிபெயர்ப்பி அதைத் தமிழில் சொன்னது: “மார்ஜரி, அரசனாகச் சொல்கிறேன். கடவுள் முன்னால் நீ என் மனைவி. ஆனால் யாருக்கும் தெரிய வேண்டாம். நேரம் வரட்டும்.”

“ஜெயிச்சாச்சு!” சிகாமணி துள்ளினார்.

“உக்காருங்கய்யா. நம்பவே முடியாதுன்னு கருவியைச் செஞ்சவரே சொல்லிட்டாரே,” என்றார் ஹெலன்.

சிகாமணி அமரேசன் பக்கம் திரும்பினார். “சார், ஏதோ கோவத்துல சொல்லிட்டீங்க. கருவி சரிதான்னு சொல்லிடுங்க. உங்க பன்னெண்டு வருஷ உழைப்பு சார்!”

கருவி சரியென்றால் பூங்கோதை மனைவி. அமரேசன் கல்லையே வெறித்தார்.

“பழுதுதான்,” என்றார்.

பூங்கோதை அறிக்கையைச் சொல்லுக்குச் சொல் எழுதினாள். ‘இரண்டு திருமணங்கள் கேட்டன. இரண்டையும் இயக்குநர் மறுத்தார்.’ அவரே சொன்னதுதான் அது. அமரேசன் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்திட்டார்.

விசாரணையால் பாதிக்கப்படும் எல்லோருக்கும் நகல் போக வேண்டும். அதுவும் அவர் எழுதிய விதி. இரண்டு உறைகள் இங்கிலாந்துக்கு. மூன்றாவதில் காரைக்குடி மணப்பெண்ணின் முகவரியை நிதானமாக எழுதி, அரக்கு முத்திரை வைத்து, தபால்காரர் கையில் கொடுத்தாள்.