பழைய குரலில் ஒரு பாட்டு

பாடகி வந்த நேரத்தில் நிதானம் முழங்காலுக்கு மருந்து தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. எதற்கும் அவசரப்படாதவர் என்பதால் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அப்படிக் கூப்பிட்டார்கள். மீதிப் பேர் அதையே கிண்டலாகச் சொன்னார்கள். காப்பீட்டுக் கம்பெனிக்காகப் பொய் எது, மெய் எது என்று விசாரிக்கப் படியேறிப் படியேறித் தேய்ந்த முழங்கால் அது. ஓய்வு பெற்ற பிறகும் துப்பு கேட்டு ஆட்கள் வருவது நிற்கவில்லை.

கதவைத் திறந்தவன் மச்சினன். மனைவியின் தம்பி, நாற்பதைத் தாண்டியவன். துப்பு துலக்குவது என்றால் அவனுக்குப் பசி தூக்கம் இரண்டும் தெரியாது. வந்தவரைப் பார்த்ததும் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தான்.

"அத்தான், யார் வந்திருக்காங்கன்னு பாருங்க."

"யாரா இருந்தா என்ன, உள்ள வரச் சொல்லு. நாற்காலியில கிடக்கற துணியை எடு."

பாடகிக்கு ஐம்பது வயதிருக்கும். இரண்டு நாள் தூங்காத கண்கள். உட்கார்ந்ததும் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"சின்ன வயசுல ஒரு கம்பெனியில கையெழுத்துப் போட்டேன். பாட்டும் மெட்டும் என்னோடது. ஆனா அப்போ பதிவான குரல் அவங்க சொத்து. அங்கேருந்து வெளிய வந்தப்புறம் பாடினதுதான் எனக்குச் சொந்தம். இப்ப என் பாட்டுல சிறந்ததையெல்லாம் சேத்து ஒரு ஆல்பம் போடறேன். பழைய பதிவுகளைத் தர முடியாதுன்னுட்டாங்க. அதனால அந்தப் பாட்டையெல்லாம் நானே மறுபடி பாடி வச்சிருக்கேன்."

"அவங்களும் ஒரு ஆல்பம் போடறாங்க அத்தான்," என்று மச்சினன் குறுக்கே புகுந்தான். "பழசு மட்டும் இருக்கும், புதுசு ஒண்ணுகூட இருக்காது. அதை வாங்காதீங்கன்னு இவங்க பேட்டி குடுத்ததால ரசிகர்கள் யாரும் தொடறதாயில்ல."

"இப்போ வாங்குவாங்க," என்றார் பாடகி. "இதுவரை வெளிவராத பாட்டு ஒண்ணு கிடைச்சிருக்குன்னு விளம்பரம் பண்றாங்க. ஒப்பந்தக் காலத்துல நான் எதைப் பாடிப் பதிஞ்சிருந்தாலும் அவங்க வெளியிடலாம். ஆனா இது அந்தக் காலத்துப் பாட்டே இல்ல. போன வருஷம் அம்மா படுத்த படுக்கையா இருந்தப்போ அவங்களுக்காக எழுதினது. அவங்க ரூம்ல ஒரே ஒரு தடவை பாடினேன். விக்கறதுக்கு எழுதின பாட்டில்ல ஐயா அது."

"அப்புறம் என்ன?"

"கேட்டீங்கன்னா உங்களுக்கே தெரியும். அதுல இருக்கறது என் இருபது வயசுக் குரல். எங்க வக்கீலே, நல்லா யோசிங்க, மறந்திருப்பீங்கன்னு சொல்றாரு."

கம்பெனி விளம்பரத்துக்காக வெளியிட்டிருந்த பாட்டைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டார். வாத்தியம் எதுவும் இல்லை. பளிச்சென்ற இளங்குரல். அதன் அடியில் ஒரு கடிகாரத்தின் டிக் டிக் சத்தம், பாட்டுக்குச் சமமாகக் கேட்டது. நிதானம் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேட்டார். இரண்டாவது முறை தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"அந்த ரூம்ல யார் யார் இருந்தாங்க?"

"எங்கக்கா, என் மேலாளர், என்கூட கீபோர்டு வாசிக்கறவர். அம்மாவைத் தவிர அவ்வளவு பேர்தான்."

மறுநாள் காலை நிதானமும் மச்சினனும் பாடகியின் வீட்டுக்குப் போனார்கள். அம்மா இருந்த அறையை அப்படியே வைத்திருந்தார்கள். நடுவில் கட்டில். ஒரு பக்கம் ஜன்னல். அதற்குக் கீழே பேருந்து நிறுத்தம், ஓயாத இரைச்சல். எதிர்ச் சுவரில் வட்டக் கடிகாரம். அதன் கீழே ஒரு நாற்காலி மட்டும். அலமாரியோ மேஜையோ அந்தப் பக்கம் கிடையாது. நிதானம் சிறிது நேரம் கடிகாரத்தையும் தன் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் ஒத்துப்போயின.

"அன்னிக்கு யார் எங்க இருந்தாங்க?"

"நான் கட்டில்ல, அம்மா பக்கத்துல. கீபோர்டுக்காரர் ஜன்னல்கிட்ட நின்னாரு. மேலாளர் வாசப்படியில. அக்கா அந்த நாற்காலியில."

மச்சினன் அதற்குள் கீபோர்டுக்காரரைக் கூடத்தில் மடக்கியிருந்தான். அவர் அலுத்துக்கொண்டார். "எனக்கென்னங்க லாபம்? பழைய பதிவுல நான் வாசிக்கவே இல்ல. புதுசுலதான் எல்லாம் என் வாசிப்பு. பாட்டுக்கு அடியில வர்ற ரெண்டாவது குரலைக்கூட இவங்களையே பாட வச்சு முடிச்சிட்டோம். அந்த ஆல்பம் ஓடினாத்தான் எனக்குப் பிழைப்பு."

அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தங்கையைவிட மூத்தவர், ஒடிசலான உடம்பு. தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்த தழும்பு இருந்தது. பேச்சு காற்றாகத்தான் வந்தது. கைகழுவப் போன நிதானம் அவருடைய அறையைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. அலமாரி முழுக்கத் தூசி. ஒரு பழைய கேசட் ரெக்கார்டரின் மேல் மட்டும் தூசி இல்லை. அதில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருந்தது.

திரும்பும் வழியில் மச்சினன் கம்பெனிக்குத் தொலைபேசியில் பேசினான். கிடங்கில் கிடைத்தது என்று முதலில் சாதித்தார்கள். துருவிக் கேட்டதும், பெயரில்லாமல் தபாலில் ஒரு கேசட் வந்தது என்றார்கள்.

"கீபோர்டுக்காரர்தான் அத்தான். குரலை இளமையாக்கற வித்தையெல்லாம் அவருக்குத்தான் கைவந்த கலை."

"அவர் செஞ்சிருந்தா சுத்தமா செஞ்சிருப்பார். கடிகாரச் சத்தத்தை விட்டு வச்சிருக்க மாட்டார்," என்றார் நிதானம். வண்டியில் தலையைச் சாய்த்துக்கொண்டார். பதில் கிடைத்துவிட்டால் அவருக்கு எப்போதும் இப்படித்தான். காய்ச்சல் வந்த மாதிரி உடம்பு கனக்கும்.

சாயங்காலம் நால்வரையும் அதே அறையில் உட்காரச் சொன்னார். மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"இந்தப் பாட்டுல ஒரு கடிகாரம் ஓடுது," என்று தொடங்கினார் நிதானம். "என் கடிகாரம் ஒரு நிமிஷம் ஓடறதுக்குள்ள அது கொஞ்சம் கூடவே ஓடிடுது. நிஜமான கடிகாரம் அப்படி ஓடினா, ஒரே நாள்ல ஒரு மணி நேரத்துக்கு மேல முந்திடும். யாரும் அதைச் சுவத்துல மாட்டி வச்சுக்க மாட்டாங்க. அப்போ வேகமானது கடிகாரம் இல்ல, பதிவு. பதிவை வேகமா ஓட்டினா குரலும் மேல ஏறும், வயசும் குறையும். மச்சான், அதை ஓட விடு."

மச்சினன் கணினியில் கடிகாரம் நொடிக்கு ஒரு தடவை அடிக்கும்வரை பாட்டின் வேகத்தைக் குறைத்து வைத்திருந்தான். விசையைத் தட்டினான். அறைக்குள் பாடகியின் இன்றைய குரல் எழுந்தது; கனத்தது, ஓரங்களில் தேய்ந்தது. பாடகி முகத்தை மூடிக்கொண்டார்.

"இது போதும். கம்பெனி இந்தப் பாட்டை ஆல்பத்துலேருந்து நீக்கிடுவாங்க," என்றார் மேலாளர். "ஆனா குடுத்தது யாரு?"

"அதையும் கடிகாரமே சொல்லுது. பாட்டுக்குச் சமமா அது கேக்குதுன்னா, பதிவு செஞ்ச கருவி அதுக்கு அடியிலதான் இருந்திருக்கணும். ஜன்னல் பக்கம் இருந்திருந்தா பேருந்துச் சத்தம் கேட்டிருக்கும். வாசப்படியில இருந்திருந்தா கடிகாரம் இவ்வளவு கிட்டத்துல கேக்காது. அந்தச் சுவரோரம் எதையும் வைக்க இடமே இல்ல. அங்க உக்காந்தவங்க மடியைத் தவிர."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"அம்மா கேட்ட கடைசிப் பாட்டுன்னுதான் பதிஞ்சு வச்சேன்," என்றார் அக்கா. காற்றுக்குரல் என்பதால் எல்லோரும் குனிந்து கேட்க வேண்டியிருந்தது. "வேற நினைப்பு அப்ப இல்ல."

"அக்கா, நீயா? எதுக்குக்கா?"

"பழைய ஆல்பத்தை வாங்காதீங்கன்னு நீ டிவியில சொன்ன."

"என் பாட்டு எனக்குச் சொந்தமாகணும்னு சொன்னேன். தப்பா?"

"உன் பாட்டுதான். உன் வரிக்குக் கீழ ஒரு குரல் போகுமே, அது யாரோடது? ஒவ்வொரு பாட்டுலயும் நான் இருந்தேன்டி. நீ மறுபடி பாடினப்போ அதையும் நீயே பாடிட்ட. நல்லாத்தான் இருக்கு, குத்தம் சொல்ல முடியாது. ஆனா இனிமே எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க. நான் பாடினதே இல்லன்னு ஆயிடும்."

"உன்னால பாட முடியாதேன்னு… சொன்னா நீ மனசு கஷ்டப்படுவேன்னுதான் உன்கிட்ட பேச்சே எடுக்கல."

"முடியாதுதான். அதனாலதானே சொல்றேன். என் குரல் இப்போ என்கிட்டயும் இல்ல, உன்கிட்டயும் இல்ல. அவங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. ஒரு புதுப் பாட்டு இருந்தா அதுக்காகவாவது வாங்குவாங்க, மத்ததையும் கேப்பாங்கன்னு நினைச்சேன். உன் பழைய குரல் மாதிரி இருந்தாத்தான் அவங்க போடுவாங்கன்னு, ரெக்கார்டர்ல வேகத்தைத் திருகிக் கேசட்ல ஏத்தி அனுப்பினேன். அம்மா பாட்டை எடுத்தது தப்பு. அது தெரிஞ்சுதான் செஞ்சேன்."

பாடகி எழுந்து போய் நாற்காலிப் பக்கம் தரையில் உட்கார்ந்தார். அக்கா அவர் தலையில் கை வைக்கவும் இல்லை, நகர்ந்துபோகவும் இல்லை.

நிதானம் மச்சினனின் தோளைத் தொட்டார். இருவரும் வெளியே வந்தார்கள்.

கம்பெனி அந்தப் பாட்டை நீக்கியது. இரண்டு ஆல்பங்களும் ஒரே வாரத்தில் வந்தன. ஒரு பேட்டியில் எந்த ஆல்பத்தை வாங்குவது என்று பாடகியிடம் கேட்டார்கள். "என் குரல் வேணும்னா என்னோடதை வாங்குங்க," என்றார். "எங்க ரெண்டு பேர் குரலும் வேணும்னா, அவங்களோடதை வாங்குங்க. அந்த ரெண்டாவது குரல் எங்கக்கா." மேலாளர் அன்றே வேலையை விட்டுவிடுவதாக மிரட்டினாராம்; விடவில்லை.

மச்சினன் இரண்டையும் வாங்கி வந்தான். பழையதைப் போடச் சொன்னார் நிதானம். எத்தனையோ வருடம் திருமண வீடுகளிலும் கடைகளிலும் காதில் விழுந்த பாட்டுதான். இப்போது மேலே போகும் குரலை விட்டுவிட்டுக் கீழே தேடினார். மெல்லியதாக, ஒரு இடத்திலும் முந்தாமல், அது போய்க்கொண்டிருந்தது.

"கேக்குதா அத்தான்?"

"சும்மா இரு," என்றார் நிதானம்.