அக்டோபர் ஏழில் காணாமல் போனவை

மூன்றாவது முறையும் அக்டோபர் ஏழாம் தேதிதான் எல்லாம் மறைந்தன.

வடதுருவத்துக்கு அருகிலுள்ள ட்ரோம்சோ நகரப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பு அந்தக் கடலைக் கணினிக்குள் கட்டியிருந்தது. ஆளுக்கு ஓர் உயிர். அது எதைத் தின்னும், எது அதைத் தின்னும், எப்போது தூங்கும் என்று ஒவ்வொருவரும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். ஆசிரியர் ஹோகன் அவற்றைக் கணினிக்குப் புரியும் விதிகளாக மாற்றினார். ஓடவிட்டால் ஒரு வருடம் நான்கு நிமிடத்தில் கடந்துவிடும்.

எஸ்கிலுக்குக் காட் மீன் கிடைத்தது. ராக்னாவுக்குச் செந்தீனி. எள்ளளவு இருக்கும் சிவப்பு உயிர். நீரில் மிதக்கும் பாசியை அது தின்னும். அதை ஹெர்ரிங் மீன் தின்னும். ஹெர்ரிங்கைக் காட் தின்னும். சீட்டுக் குலுக்கியபோது செந்தீனி வேண்டும் என்று யாரும் ஆசைப்படவில்லை.

அக்டோபர் ஏழில் ஒன்பதாயிரம் சிவப்புப் புள்ளிகள் மெல்லக் கீழே இறங்கின. அடுத்த நொடி ஒன்றுகூட இல்லை. டிசம்பரில் ஹெர்ரிங்குகள் குறைந்தன. காட் மீன்கள் இரை தேடி வட்டமடித்தன. பிப்ரவரியில் அவையும் போயின. கடல் காலியாக இருந்தது. தேதி மட்டும் மாறிக்கொண்டிருந்தது.

நிஜத்திலும் அது டிசம்பர்தான். காலை பதினொரு மணிக்கும் ஜன்னலுக்கு வெளியே இருட்டு. திரையின் நீலம் எல்லார் முகத்திலும் விழுந்தது. முதல் இரண்டு முறை சிரித்தவர்கள் இப்போது சிரிக்கவில்லை.

"உன்னுதுங்களாலதான் என் காட் செத்துச்சு. ஒழுங்கா மேய்க்கத் தெரியாதா?" என்றான் எஸ்கில்.

"நான் என்ன, அதுங்களைக் கயிறு போட்டுக் கட்டியா வச்சிருக்கேன்?" என்றாள் ராக்னா.

இரண்டு மணிக்குப் பெற்றோர் பார்க்க வருகிறார்கள். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் இந்தக் கடலை அழித்துவிடலாம் என்றார் ஹோகன். புதுக்கடலில் ஒவ்வோர் ஏப்ரலிலும் ஒன்பதாயிரம் புதுச் செந்தீனிகளை விட்டுவிட்டால் போதும். யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

"அப்போ பழசுங்க?"

"அதுங்கதான் இல்லையே, ராக்னா."

அவள் அக்டோபர் ஏழின் கணக்கைத் திறந்து காட்டினாள். தின்னப்பட்டவை: பூஜ்யம். செத்தவை: பூஜ்யம்.

"யாரும் திங்கலை. சாகவும் இல்லை. ஆனா இல்லை. அது எப்படி?"

ஹோகன் அந்தப் பூஜ்யங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சாப்பாட்டு நேரம் முடியும்வரை தேடிப்பார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாரும் கிளம்பினார்கள். எஸ்கில் மட்டும் ரொட்டியும் பழுப்புப் பாலாடைக்கட்டியுமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். தான் உதவ வரவில்லை, சாப்பிடத்தான் வந்திருப்பதாகச் சொன்னான்.

ராக்னா தன் தாளை எடுத்துப் படித்தாள். 'குளிர்காலம் வருமுன் அறுநூறு மீட்டர் ஆழத்துக்குப் போய்த் தூங்கும். வசந்தத்தில் மேலே வரும்.'

பிறகு கடலின் விதிகளைப் படித்தாள். அங்கே ஓர் எண்ணில் அவள் விரல் நின்றது.

"எஸ்கில், நம்ம கடல் எவ்வளவு ஆழம்?"

"இருநூறு. திரையில அவ்வளவுதான் இடம்னு ஹோகன் சொன்னாரே."

"அப்போ அறுநூறுக்குப் போனதுங்க?"

எஸ்கில் மெல்லுவதை நிறுத்தினான்.

அவள் இருநூறை முந்நூறாக்கினாள். திரையில் கறுப்புத்தான் தெரிந்தது. நானூறு. கறுப்பு. ஐந்நூறிலும் எதுவும் இல்லை. எஸ்கில் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டான்.

அறுநூறு.

அங்கே இருந்தன. ஒன்பதாயிரமும். பக்கத்தில் பக்கத்தில், துளியும் அசையாமல். ஒரு புள்ளியைத் தொட்டால் அதன் தேதி தெரியும். ராக்னா தொட்டாள். அக்டோபர் ஏழு. இன்னொன்றைத் தொட்டாள். அக்டோபர் ஏழு. இருநூறு மீட்டரைத் தாண்டி, கடலுக்கு வெளியே, நாள்கள் நகரவேயில்லை. அவற்றுக்கு வசந்தம் வரவே இல்லை.

"உயிரோடதான் இருக்கா?" என்று கேட்டான் எஸ்கில்.

"தூங்குதுங்க."

சாப்பாட்டு நேரம் முடிந்து எல்லாரும் திரும்பினார்கள். ஹோகன் அழிப்பதற்காகக் கணினியின் பக்கம் குனிந்தார். ராக்னா விசைப்பலகையைக் கையால் மூடினாள்.

"அழிக்காதீங்க. கீழே இருக்குதுங்க."

அவர் பார்த்தார். பக்கத்திலிருந்த சின்ன நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். ஆழத்தைக் குறைத்தது தன் வேலைதான் என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டார். புதுக்கடல் தேவைப்படவில்லை. ஹெர்ரிங்கையும் காட் மீனையும் மட்டும் புதிதாக விட்டார்கள். செந்தீனி பழையவையே. எஸ்கில் தன் புது மீன்களைச் சந்தேகத்தோடு எண்ணிப் பார்த்துக்கொண்டான்.

இரண்டு மணிக்குப் பெற்றோர் சுற்றி நிற்க, கடல் ஓடியது. திரையில் ஏப்ரல் வந்தது. அடியில் ஒரு புள்ளி அசைந்தது. பிறகு பத்து. பிறகு எல்லாமே, சத்தமின்றி, மேலே எழுந்தன.

வரும் வழியிலேயே ஹெர்ரிங்குகள் பாய்ந்தன. ராக்னா கணக்கைத் திறந்தாள். தின்னப்பட்டவை: நானூற்றுப் பன்னிரண்டு. அவள் முகம் மலர்ந்தது. இந்த முறை ஒவ்வொன்றும் எங்கே போனது என்று அவளுக்குத் தெரியும்.