மாற்று ஆள் வரும்வரை

தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கியபோதே மூவருக்கும் கால்கள் தளர்ந்திருந்தன. விருத்தாசலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்சுகள் அவர்கள். நைட் டியூட்டி முடிந்த கையோடு குளித்து, பையைத் தூக்கிக்கொண்டு நேராக ரயிலேறியவர்கள். மூத்தவள் ஞானசௌந்தரி, வார்டு சிஸ்டர். இளையவள் ரோஸி, போன வருஷம்தான் வேலைக்கு வந்தவள். நடுவில் எல்லம்மா. படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாரை வீட்டில் பல வருஷம் பார்த்துக்கொண்டவள். அவர் இறந்து காரியமெல்லாம் முடிந்த பிறகும் அந்தக் களைப்பு அவளை விடவில்லை. மருந்து வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்கிவிடுவாள். இந்தப் பயணமே அவளுக்காகத்தான்.

தங்குமிடம் பார்க்கும் வேலை ஞானசௌந்தரியுடையது. டியூட்டி இடைவேளைகளில் எல்லாம் போனும் கையுமாக இருந்தாள். எழும்பூரில் மலிவாகக் கிடைத்த அறையில் ஜன்னலே இல்லை. தி.நகர் லாட்ஜின் பாத்ரூம் படத்தைப் பார்த்ததுமே ரோஸி மூக்கைப் பொத்திக்கொண்டாள். மேடவாக்கத்து ஃபிளாட்டில் லாரித் தண்ணீர், நாலாவது மாடி, லிஃப்ட் இல்லை. படப்பைப் பக்கம் தோட்டத்தோடு ஒரு விடுதி அழகாக இருந்தது, ஆனால் அங்கிருந்து கடற்கரைக்குப் போய்வருவதற்குள் நாள் முடிந்துவிடும். கடைசியில் அகப்பட்டது சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு தனி வீடு. ஏசி, சமையலறை, ஆளுக்கொரு கட்டில். மற்ற இடங்களில் கேட்டதில் பாதிதான் வாடகை. தங்கிப்போனவர்கள் எல்லாரும் ஒன்றையே எழுதியிருந்தார்கள்: அமைதியான வீடு.

"நமக்கு அதுதான் வேணும்," என்றாள் எல்லம்மா. "கடலை அப்புறம் பாத்துக்கலாம்க்கா."

ஆட்டோ போய் நின்றபோது கேட்டருகில் ஒரு பெண் சாவியோடு காத்திருந்தாள். வீட்டைப் பெருக்கித் துடைக்கும் தனம்.

"வாங்கம்மா. ஓனரு தயாளன் சாரு சொல்லிகினாரு. வூடு சுத்தமா கீது. எதுனா வோணும்னா போன் அடிங்க, எதிர் சந்துலதான் இருக்கேன்."

சாவியைக் கொடுத்தாள். கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை.

வீடு படத்தில் பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது. வெள்ளை விரிப்பு, காலுக்குக் குளிர்ச்சியான தரை. தெருவில் தண்ணீர் லாரி போகிற சத்தம்கூட சுவரைத் தாண்டும்போது தேய்ந்துபோனது. முன்னறைகள் இரண்டில் மரக்கட்டில்கள். பின்னறையில் மட்டும் இரும்புக் கட்டில். கால்மாட்டில், தலைப்பக்கத்தை உயர்த்துகிற கைப்பிடி.

"அக்கா, இது நம்ம ஆஸ்பத்திரிக் கட்டிலு," என்று சிரித்தாள் ரோஸி.

ஞானசௌந்தரி சிரிக்கவில்லை. ரூம் ஸ்பிரேயின் மல்லிகை வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. பவுடர், டெட்டால், அவற்றுக்கும் அடியில் நாள்பட்ட படுக்கைப் புண். வெளியாட்களுக்குப் பிடிபடாது. அவர்கள் மூவருக்கும் பிடிபட்டது.

"எனக்கு இதுவே போதும்," என்று எல்லம்மா அந்தக் கட்டிலில் சரிந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

மத்தியானம் ஞானசௌந்தரி விழித்துக்கொண்டது ஒரு சத்தத்தில்.

கிரீச். சற்று நிறுத்தம். மறுபடியும் கிரீச்.

யாரோ கைப்பிடியைச் சுழற்றுகிறார்கள். நோயாளிக்கு வலிக்காமல், மெதுவாக.

எழுந்து போய்ப் பார்த்தாள். திரைச்சீலை வழியே மங்கிய வெயில். கட்டிலின் தலைப்பக்கம் உயர்ந்திருந்தது. எல்லம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கண்கள் பாதி மூடியிருந்தன. ஒரு தலையணையை நீளவாக்கில் மடித்து, ஒருக்களித்துப் படுத்தவரின் முதுகுக்கு அண்டை கொடுப்பதுபோல் வைத்தாள். ஒரு கையால் எதையோ தாங்கிக்கொண்டு, மறு கையால் விரிப்பின் சுருக்கத்தை இழுத்துவிட்டாள்.

கட்டிலில் யாரும் இல்லை.

"எல்லம்மா?"

"ஷ்... இப்பதான் கண்ண மூடுனாங்க."

தூக்கத்தில் நடக்கிறாள் என்றுதான் ஞானசௌந்தரி நினைத்தாள். இத்தனை வருஷப் பழக்கம், உடம்பு தானாகச் செய்கிறது. கையைப் பிடித்து முன்னறைக்குக் கூட்டிவந்து தன் கட்டிலில் படுக்கவைத்தாள். அந்தக் கை மரத்துப்போய்க் கனத்தது.

சாயங்காலம் காபி குடிக்கும்போது எல்லம்மாவுக்கு எதுவும் நினைவில்லை. "நல்லாத் தூங்குனேன்க்கா. ஆனா அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு." ரயிலில் இருந்ததைவிட அவள் முகம் கறுத்திருந்தது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள்.

மறுநாள் காலை பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போவதாகத் திட்டம். எல்லம்மா வரவில்லை. "நீங்க போய்ட்டு வாங்க. நான் இன்னும் கொஞ்சம் படுக்குறேன்," என்று மறுபடி பின்னறைக்கே போனாள். தூங்கட்டும், அதற்குத்தானே வந்தோம் என்று இருவரும் கிளம்பினார்கள். கடலில் ரோஸி முழங்கால்வரை நனைந்து கத்தினாள். ஞானசௌந்தரி கரையில் நின்று எல்லம்மாவுக்கு போன் அடித்தபடியே இருந்தாள். மணி அடித்தது. எடுக்கவில்லை.

"போலாம் ரோஸி."

"இப்பதானேக்கா வந்தோம்?"

"போலாம்."

அவர்கள் திரும்பியபோது தனம் கேட்டுக்கு வெளியே வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னாம்மா, ரெண்டு பேருதான் வர்றீங்க? இன்னொரு அம்மா?"

"உள்ள தூங்குறா."

"எந்த ரூம்ல?"

"பின்னாடி ரூம்ல."

தனத்தின் முகம் மாறியது. "அவங்க இன்னா வேலை பாக்குறாங்க?"

"நாங்க மூணு பேருமே நர்சுங்க."

தனம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "மத்தவங்கள ஒண்ணும் பண்ணாதும்மா. வருவாங்க, தங்குவாங்க, போய்க்கினே இருப்பாங்க. உங்கள மாதிரி ஆளுங்க வந்ததே இல்ல."

"எது ஒண்ணும் பண்ணாது? தெளிவாச் சொல்லுங்க."

"சாரோட அக்கா, சந்திரிகாம்மா. அந்தக் கட்டில்லதான் கெடந்தாங்க. பாத்துக்க பொண்ணுங்க மாத்தி மாத்தி வரும். சாரு குடும்பத்தோட டூர் போயிருந்தாரு. நான் என் பொண்ணு பிரசவத்துக்குப் போயிட்டேன். காலைல பாத்துகினு இருந்த பொண்ணு, டைம் ஆச்சு, மாத்து ஆளு வந்துடும்னு நெனச்சி பூட்டிகினு கெளம்பிடிச்சி." குரல் அடங்கியது. "மாத்து ஆளு வரலம்மா. டூர் போனவங்க வர்ற வரைக்கும் யாருமே வரல."

ஞானசௌந்தரி உள்ளே ஓடினாள்.

வீட்டுக்குள் குளிர்ச்சி நேற்றைப் போலவே இருந்தது. மல்லிகை வாசனை மட்டும் இல்லை. அடியில் இருந்த வாசனை மேலே வந்துவிட்டது.

பின்னறைக் கதவு திறந்திருந்தது.

எல்லம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் டம்ளர், மறு கையில் ஸ்பூன். ஸ்பூனைத் தலையணைக்கு மேலே கொண்டுபோய் மெல்லச் சாய்த்தாள். தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது.

தலையணை நனையவில்லை.

ரோஸி பின்வாங்கிக் கதவில் இடித்துக்கொண்டாள்.

"எல்லம்மா, எந்திரி. கெளம்பலாம்." ஞானசௌந்தரி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி நூலாக ஓடியது. கண்கள் உள்ளே போயிருந்தன. உதடு வெடித்திருந்தது. ஒரே காலைப் பொழுதுக்குள் ஒரு மனுஷிக்கு இப்படி ஆகாது.

"எப்படிக்கா வர்றது? ரிலீவர் வரலையே."

"பேஷண்ட் யாரும் இல்லடி."

விரிப்பில், இடுப்பு இருக்கும் இடத்தில், ஒரு பள்ளம் விழுந்தது. கட்டில் முனகியது.

"பயப்படுறாங்க பாருங்க," என்றாள் எல்லம்மா, கோபமாக. "தனியா விட்டுட்டுப் போயிடுவோம்னு பயப்படுறாங்க."

இருவரும் சேர்ந்து இழுத்துப் பார்த்தார்கள். எலும்பும் தோலுமான எல்லம்மா அசையவில்லை. இழுக்க இழுக்க அவளுக்கு மேல்மூச்சு வாங்கியது. இன்னும் இழுத்தால் இங்கேயே விழுந்துவிடுவாள் என்று ஞானசௌந்தரிக்குப் புரிந்தது. வார்டில் இருபது வருஷமாக அவள் பார்த்த வழக்கம் ஒன்றுதான் மிச்சம். எவ்வளவு களைத்த நர்சும் அடுத்தவள் வந்து பொறுப்பேற்காமல் போகமாட்டாள். போகவும் கூடாது.

அவள் கையை விட்டாள். பாத்ரூமுக்குப் போய்க் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். புடவையைச் சரிசெய்துகொண்டு, அப்போதுதான் வேலைக்கு வருகிறவளைப் போல வாசலில் வந்து நின்றாள்.

"குட் மார்னிங் சிஸ்டர். நான் வந்துட்டேன். ஹேண்ட் ஓவர் குடுங்க."

ரோஸி அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, வேணாம்க்கா."

எல்லம்மா நிமிர்ந்தாள். முகத்தில் அப்படியொரு நிம்மதி. "சந்திரிகாம்மா. முதுகுல புண்ணு இருக்கு, ரெண்டு மணிக்கொரு தரம் திருப்பணும். தண்ணி ஸ்பூன்லதான். பேசிக்கிட்டே இருந்தா அழமாட்டாங்க."

அந்தப் பெயரை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

"சரி. நான் பாத்துக்கறேன். நீங்க போங்க."

ஸ்பூன் கைமாறியது. அந்தக் கணமே எல்லம்மா துணிபோல் ரோஸியின் மேல் சரிந்தாள். "தூக்கிட்டுப் போ," என்றாள் ஞானசௌந்தரி. அவர்கள் வாசலைத் தாண்டும் சத்தம் கேட்கும்வரை அசையாமல் நின்றாள். பிறகு ஸ்பூனை டம்ளரில் போட்டுவிட்டு, கட்டிலைப் பார்க்காமல் தலைகுனிந்து, பின்னோக்கியே நடந்து வெளியே வந்தாள்.

யாரும் தடுக்கவில்லை. எதுவும் கேட்கவில்லை.

ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தார்கள். சத்தம், கொசு, மூன்று பேருக்கு ஒரே கட்டில். ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் அதிர்ந்தது. எல்லம்மா அதில் மறுநாள் விடியும்வரை அசையாமல் தூங்கினாள். எழுந்ததும் பசிக்கிறது என்றாள். தட்டு நிறைய இட்லி சாப்பிட்டாள். அதைப் பார்த்து ரோஸி அழுதுவிட்டாள்.

மத்தியான ரயிலில் ஊருக்குக் கிளம்பினார்கள். கூட்டம் குறைவு. எதிரெதிர் இருக்கைகள். எல்லம்மாவும் ரோஸியும் ஒரு பக்கம். எதிர்ப்பக்கத்தில் ஞானசௌந்தரி நடைபாதையை ஒட்டி உட்கார்ந்தாள். அவள் பக்கத்து ஜன்னலோர இடம் காலியாக இருந்தது. செங்கல்பட்டு தாண்டியதும் அவளுக்குக் கண் சொக்கியது. எத்தனை நேரம் போனதோ, பேச்சுச் சத்தம் சட்டென்று நின்றதில் விழித்தாள்.

எதிரே இருவரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா," என்றாள் எல்லம்மா, மிக மெதுவாக. "யாருக்குக்கா வெயில் மறைக்கிறீங்க?"

ஞானசௌந்தரி திரும்பிப் பார்த்தாள். அவள் கை நீண்டு, தன் முந்தானையை ஜன்னலில் விரித்துப் பிடித்திருந்தது. காலி இருக்கையின் மேல் மட்டும் நிழல்.

கையை இறக்கப் பார்த்தாள்.

அவள் தோளில் ஒரு தலை மெல்லச் சாய்ந்தது.