முன்கண்ணாடிக்கு வெளியே

தாலாவின் பூட்ஸ் ஏன் நனையவில்லை?

இதைச் சல்வா வாய்விட்டுக் கேட்கவில்லை. கழற்றி மடியில் போட்டிருந்த கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டே தனக்குள் கேட்டுக்கொண்டாள். ஆறு வயதுக் குழந்தை, காலையிலிருந்து முழங்கால்வரை பனியில் புதைந்து புதைந்து விளையாடியிருக்கிறாள். கார் ஓட்டிக்கொண்டிருந்த கணவன் நபீலின் காலடியில் தண்ணீர் தேங்கி நின்றது. சல்வாவின் காலுறை விரலிடுக்கெல்லாம் சொதசொதவென்றிருந்தது. பின்னிருக்கையில், நபீலின் தங்கை நுஹாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாலாவின் பூட்ஸ் மட்டும், கடையில் வாங்கிய அன்று இருந்ததுபோல, தையலில்கூட ஈரமில்லாமல், ஒன்றோடொன்று ஒட்டி நேராக இருந்தன.

முன்னால், காரின் பானட்டின்மேல், பனிப்பொம்மை குலுங்கிக்கொண்டே வந்தது. முழங்கால் உயரம். குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் மலையிலிருந்து இறங்கும் எல்லாக் கார்களிலும் இப்படி ஒன்று உட்கார்ந்திருக்கும். அதை உருகாமல் பெய்ரூத்வரை கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டார் கண்ணில் காட்டினால்தான் போய்வந்ததற்கு அர்த்தம்.

இதை நபீல்தான் செய்தான். மலைக்கிராமத்தில், ரொட்டி சுடும் பெண்ணிடம் கேட்டு வாங்கிய இரண்டு கறுப்பு ஆலிவ் காய்களைக் கண்களாகப் பதித்தான். தாலாவின் சிவப்புத் தொப்பியைக் கழற்றி அதன் தலையில் கவிழ்த்தான், அவளுடைய மஞ்சள் மஃப்ளரையும் சுற்றினான். அவள் சிணுங்கியதும் அவனுக்கு உற்சாகம் கூடிவிட்டது.

“இனிமே இவதான் தாலா. அழ மாட்டா, சோத்த துப்ப மாட்டா. இவளக் கூட்டிட்டுப் போறோம். நீ இங்கயே இருந்துக்கோ.”

“ஆமாண்டி, இவ மூக்கு ஒழுகாது பாரு” என்றாள் நுஹா.

தாலா அம்மாவைப் பார்த்தாள். ‘இல்லை’ என்று ஒரே ஒரு சொல் வந்தால் போதும் என்ற பார்வை. சல்வாவின் கையில் காபி இருந்தது. விடியுமுன் எழுந்து எல்லோருக்கும் சாப்பாடு கட்டி எடுத்து, எல்லோருக்கும் பரிமாறித் துடைத்துவிட்டு, அன்று அவளுக்கென்று கிடைத்த முதல் சூடு அது.

“அதானே. உன்னவிட இவ சமத்து” என்று அவளும் சிரித்தாள்.

குழந்தை அழுதுகொண்டே ரொட்டிக்கடைக்குப் பின்னால் ஓடினாள். போய்க் கூட்டிவர வேண்டும் என்று சல்வாவுக்குத் தெரிந்தது. காபி ஆறிவிடும் என்றும் தெரிந்தது. ஒரு நிமிடம், என்று நினைத்தாள். யாரும் அம்மா என்று கூப்பிடாத அந்த ஒரு நிமிடம் இனிப்பாக இருந்தது. அந்த இனிப்புதான் இப்போது கசந்தது.

தாலா தானாகத்தான் வந்தாள். கன்னத்தில் கண்ணீர்த் தடம் இல்லை, சிவப்பு இல்லை. யாரும் சொல்லாமலே காரில் ஏறி, யாரும் உதவாமலே பெல்ட் மாட்டிக்கொண்டாள்.

இறக்கத்தில் மூடுபனி சூழ்ந்தது. சாலையோரத்துக் கம்பங்களும், மூடிக்கிடந்த பழக்கடைகளும், முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கும் வெள்ளைக்குள் கரைந்து கரைந்து வெளிவந்தன. ஹீட்டரின் காற்றில் ஈரக் கம்பளியும் ஆரஞ்சுத் தோலும் நுஹாவின் சிகரெட்டும் கலந்து மணத்தன. சன்னல்களில் மூச்சு படிந்து மங்கியிருந்தது. நுஹா தன் பக்கத்தில் விரலால் பூனை வரைந்திருந்தாள். தாலாவின் சன்னல் மட்டும் துடைத்ததுபோலத் தெளிவாக இருந்தது.

“அண்ணி, இந்தக் குட்டிய தொட்டுப் பாருங்களேன். ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்கா. மடியில வெச்சா நாலு நாள் கறி கெடாது.”

“தூங்கறாளா?”

“எங்க தூங்கறா? உங்களத்தான் பாத்துட்டு இருக்கா.”

சல்வா திரும்பவில்லை.

சோதனைச்சாவடியில் ஒரு சிப்பாய் குனிந்து பார்த்தான். கண்ணிமையில் பனித்தூள் ஒட்டியிருந்தது.

“நீங்கதான் கடைசி. மேல உறைஞ்சு போச்சு, பாதைய மூடிட்டோம். இனி காலைலதான்.” பிறகு பானட்டைக் காட்டிச் சிரித்தான். “மக ஜாடை உங்க மாதிரியே இருக்கு மேடம்.”

நபீலும் சிரித்தான். அப்போதுதான் சல்வா கவனித்தாள். எதிரே வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று நபீல் பொம்மையைச் சாலையைப் பார்த்து வைத்திருந்தான். இப்போது இரண்டு ஆலிவ் கண்களும் காருக்குள் பார்த்துக்கொண்டிருந்தன.

குலுங்கலில் திரும்பியிருக்கும். அப்படித்தான் இருக்கும்.

முன்கண்ணாடியில் ஏதோ மங்கியது. துடைப்பான் ஓடியது. மறுபடி மங்கியது. பொம்மையின் முகத்துக்கு நேரே, காசு அளவு வட்டம். சல்வா உள்ளிருந்து விரலால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. அது வெளிப்பக்கம் இருந்தது.

வந்தது. மறைந்தது. வந்தது.

இரண்டு சிறியது. பிறகு ஒரு பெரியது.

இரண்டு சிறியது. ஒரு பெரியது.

சல்வாவுக்கு அந்தக் கணக்குத் தெரியும். மூக்கடைத்தால் தாலா அப்படித்தான் மூச்சுவிடுவாள். இரண்டு குட்டி மூச்சு, பிறகு ஒரு நீளமான மூச்சு. பிறந்த வருடத்திலிருந்து, இருட்டில் படுக்கையோரம் காதை வைத்துக் கேட்டுக் கேட்டுச் சல்வாவின் உடம்பிலேயே பதிந்துபோன கணக்கு அது. நபீல் பொம்மைக்குத் தாலா என்று பெயர் வைத்தான். சல்வாவும் ஆமென்றாள். குழந்தை அந்தப் பொம்மைக்குள் போய்விட்டாள்.

“நபீல். வண்டிய திருப்பு.”

“எங்க?”

“மேல. கிராமத்துக்கு.”

“உனக்கென்ன பைத்தியமா? இப்பதான மூடிட்டோம்னான்.”

“ஹீட்டரயாவது நிறுத்து.”

“குழந்த ஏற்கெனவே ஐஸா இருக்கா, ஹீட்டர நிறுத்தணுமாம்” என்றான் நபீல், பின்பார்வைக் கண்ணாடி வழியே தங்கையைப் பார்த்து.

நுஹா தன் தெருமுனையில் இறங்கிக்கொண்டாள். குனிந்து தாலாவுக்கு முத்தம் கொடுத்தவள், உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே நடந்தாள். திரும்பிப் பார்த்துக் கையசைக்கவில்லை.

கடல் மட்டத்துக்கு வந்ததும் காற்று வெதுவெதுப்பாகிவிட்டது. அவர்கள் குடியிருப்பின் முன்னால் நபீல் காரை நிறுத்தினான். தெருவில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் ஆறு மணிக்குத்தான் வரும். லிஃப்ட் ஓடாது. பொம்மையைக் கொண்டுபோய் வைக்கலாமென்றால் ஃப்ரிட்ஜும் காலையிலிருந்து அணைந்தேதான் கிடந்திருக்கும்.

நபீல் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு பொம்மையைத் தள்ளிவிடக் கையை ஓங்கினான். சல்வா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“தொடாத.”

“சரி, சரி. நீயே வெச்சுக் கொஞ்சு” என்று அவன் சிரித்தான். “பொண்ணத் தூக்கிட்டு வா. அஞ்சு மாடி நடக்க மாட்டா, தெரியுமில்ல.”

அவன் காலடி ஓசை மாடிப்படியில் ஏறி ஏறித் தேய்ந்தது.

இஞ்சின் சூட்டில் பானட் தகித்தது. பொம்மையின் அடியிலிருந்து தண்ணீர் கோடாக வழிந்தது. தூக்கிவிடலாம் என்று இரண்டு கையும் கொடுத்தாள். தோள் உடைந்து அவள் உள்ளங்கையோடு வந்தது. கண்ணாடியின் வட்டம் திடுக்கென்று பெரிதாகி, துடித்து, சுருங்கியது. உடைந்ததைத் திரும்ப அப்பினாள். ஒட்டவில்லை. விரலிடுக்கில் ஒழுகியது.

அணைத்துக்கொள்ள வேண்டும். அணைத்தால் உருகும்.

கைகளை விலக்கிக்கொண்டாள். ஒரு விரல் தூரத்தில், தொடாமல், காற்று படாமல் சுற்றி வைத்துக்கொண்டாள். மூச்சையும் அடக்கினாள். அவளுடைய மூச்சும் சூடு.

“நான் சிரிச்சிருக்கக் கூடாது” என்றாள்.

தொப்பி கண்வரை இறங்கியது. ஓர் ஆலிவ் கன்னத்தில் வழுக்கி, தகரத்தில் விழுந்து உருண்டது.

இரண்டு சிறியது. ஒரு பெரியது. இடைவெளி.

இரண்டு சிறியது. இடைவெளி. ஒரு பெரியது.

பின்னால் கார்க் கதவு திறந்தது. பெல்ட் கழலும் சத்தம். இறங்கும் சத்தம் இல்லை. கோட்டின் நுனியை எதுவோ பிடித்தது. துணிக்கு மேலேயே எலும்புவரை குளிர்ந்தது.

“அம்மா.”

அடைப்பே இல்லாத மூக்கு. தெளிவான, அழகான குரல்.

“என்னத் தூக்கிக்கோம்மா.”

இரண்டு சிறியது. சல்வா பெரியதுக்காகக் காத்திருந்தாள். மஃப்ளர் சரிந்து, ஈரக் கட்டாகக் கீழே விழுந்தது. தொப்பிக்கு அடியில் ஒரு கைப்பிடி வெள்ளை மிச்சமிருந்தது.

“தூக்கிக்கோ. நான் அழவே மாட்டேன்.”

“தூக்க மாட்டேன்” என்றாள் சல்வா மெதுவாக, கண்ணாடியிலிருந்து கண்ணெடுக்காமல்.