ஹொக்கைடோவில் உறைந்த தயிர்

ஜப்பானில் இறங்கிய மறுநாள் காலை, பல் துலக்குவதற்கு முன்பே நறுமுகை சுவரைத் தட்டிப் பார்த்தாள். பிறகு ஜன்னலைத் திறந்து, சட்டத்தில் படிந்திருந்த பனியை விரலால் வழித்து நாக்கில் வைத்தாள். வெளியே காகம் கரைந்தது. எத்தனை முறை, எவ்வளவு இடைவெளி விட்டு என்று எண்ணினாள். அச்சு மாறாமல் ஒரே மாதிரி கரைந்தால் அது ஒலிபெருக்கிக் காகம்.

இதில் அவளைத் தனியாகப் பிடித்துக் கேலி செய்ய ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் வெளிநாடு போன எல்லோரும் காலையில் எழுந்ததும் பார்த்த வேலைதான் இது. பக்கத்து அறை பிரேசில்காரரும் தன் பங்குக்குச் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார்.

விமானப் புகைக்கு உலகம் கடிவாளம் போட்டு முப்பது வருடம் ஆகியிருந்தது. ஒருவருக்கு வாழ்நாளில் ஒரே ஒரு நெடும்பயணம். அதற்கு ‘முறை’ என்று பெயர். போய் வந்தால் கணக்கு முடிந்தது. சாகும்வரை ஊரைச் சுற்றி வர வேண்டியதுதான். இப்படி ஒன்று வந்தால் ஏமாற்றுகிறவன் சும்மா இருப்பானா? விமானத்து ஜன்னல்கள் எல்லாம் என்றைக்கோ திரைகளாகிவிட்டிருந்தன. ஓடாத விமானத்தில் குடும்பத்தை உட்கார வைத்து எட்டு மணி நேரம் குலுக்கி, ஒரு பெரிய கொட்டகையில் இறக்கி, இதுதான் பாரிஸ் என்று சொல்லிவிடும் ஏஜென்சிகள் முளைத்தன. அந்தக் கொட்டகைகளை ‘மெய்யொப்பு’ என்றார்கள். நறுமுகையின் நாத்தனார் பூங்கோதை ஓசூர்ப் பக்கம் ஒரு மெய்யொப்பில் ஆறு நாள் சுவிட்சர்லாந்து பார்த்தவள். பெருந்துறை முழுக்கச் சாக்லேட் கொடுத்து முடித்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. அதற்குள் அவளுடைய முறை முடிந்ததாகப் பதிவாகிவிட்டது.

நறுமுகைக்கு ஈரோட்டு மஞ்சள் கிடங்கில் கலப்படம் கண்டுபிடிக்கிற உத்தியோகம். பளிச்சென்று இருக்கிற மஞ்சளைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று பதினோரு வருடம் பழகிய கண். அந்தக் கண்ணுக்கு ஹொக்கைடோ அளவுக்கு மீறிப் பளிச்சென்று இருந்தது.

பிள்ளைகளுக்கு இந்தத் தொந்தரவெல்லாம் இல்லை. எட்டு வயது இயலும் ஐந்து வயது ஓவியனும் வந்ததே நிமோரிக்காகத்தான். நிமோரி ஒரு பறக்கும் அணில். பனி ஊர் ஒன்றில் ஸ்டேஷன் மாஸ்டர். அந்த ஜப்பானியக் கார்ட்டூனின் நூற்றுப் பதினான்கு பாகங்களும் இயலுக்கு மனப்பாடம். ஓவியன் காது வைத்த நிமோரித் தொப்பியைக் குளிக்கும்போது மட்டும் கழற்றுவான். இட்லியைக் கண்டால்கூடக் கைகூப்பி, ஜப்பானியர் சாப்பிடும் முன் சொல்வது போல “இத்ததாகிமாசு” என்பான். ஐந்தாம் நாள், அவர்கள் தங்கியிருந்த ஊரில் நிமோரித் திருவிழா. பனித்தெருவில் நிமோரி ஊர்வலமாக வந்து குழந்தைகளுக்குக் கை காட்டும். அதற்காக நான்கு பேருடைய முறையையும் ஒன்றாகச் செலவழித்திருந்தார்கள். எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் பிள்ளைகளுடைய ஆயுளுக்கான பயணத்தை நறுமுகை செலவழித்துவிட்டிருந்தாள். அது பொய்யாகிவிடக் கூடாது என்பதுதான் அவள் கவலை எல்லாம்.

“அந்தப் பச்ச மப்ளர் ஆள நேத்தும் பாத்தோம், இன்னைக்கும் பாத்தோம்,” என்றாள் கணவன் சிபியிடம்.

“சின்ன ஊரு புள்ள. நம்மூருப் பக்கம் கோபில நாளைக்கு நாலு தடவ ஒரே ஆளப் பாக்கறதில்லையா?”

“கடைக்காரம்மா ஓவியனத் தம்பின்னு கூப்புட்டா.”

“அவ ஜப்பான்ல என்னமோ சொன்னா. உன்ற காதுல இருக்கற செவிமொழி அதத் தம்பின்னு மாத்திச் சொல்லுச்சு. அதுக்கு அவ என்ன பண்ணுவா?”

சிபி நூற்பாலை இன்ஜினியர். எதையும் நம்பிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற பிறவி. அவனைப் பார்த்தால் நறுமுகைக்கு எரிச்சலும் பொறாமையும் சேர்ந்து வரும்.

தயிர் விவகாரம் அன்றைக்கே ஆரம்பித்தது. ஓவியனுக்குக் காலையில் தயிர் இல்லாவிட்டால் வயிறு ஒத்துக்கொள்ளாது. அதற்காக ஈரோட்டிலிருந்து சின்ன எவர்சில்வர் டப்பாவில் உறைமோர் கொண்டு வந்திருந்தாள். முதல் நாள் ராத்திரி பாலைக் காய்ச்சி, ஆற்றி, உறை ஊற்றி அறைக்குள் வைத்தாள். தீப்பிடித்துவிடுமோ என்ற பயத்தில் ஹீட்டரையும் அணைத்திருந்தாள். காலையில் பால் பாலாகவே இருந்தது. அறைகளைக் கவனித்துக்கொள்ளும் கயோ என்ற பெண் அந்தக் கிண்ணத்தை எட்டிப் பார்த்து, “யோகுருத்தோ?” என்று கேட்டு, ஹீட்டரைக் காட்டிச் சிரித்தாள். முப்பது வயது இருக்கும். ஓவியன் வயிற்றைத் தொட்டுக் காட்டி என்னமோ சொன்னாள். குழந்தைக்குத் தயிர் வேண்டும் அல்லவா என்று செவிமொழி சொல்லிற்று. நறுமுகை தலையாட்டினாள். இவ்வளவு அக்கறை எதற்கு என்று உடனே ஒரு சந்தேகமும் பட்டுக்கொண்டாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவளுக்கு அந்த யோசனை வந்தது. குளிரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பூங்கோதை பார்த்த சுவிட்சர்லாந்திலும் பல் கிடுகிடுத்தது. கொட்டகைக்காரன் குளிர் இயந்திரம் வைத்திருப்பான். ஆனால் எல்லோரும் தூங்கிய பிறகு எவனாவது அதை ஓட்டுவானா? படுக்கப் போகும் முன் பாலில் உறை ஊற்றி, கிண்ணத்தை மூடி, அறைகளுக்குப் பின்னால் நீளமாக ஓடிய திறந்த நடையில் வைத்துவிட்டு வந்தாள். வெளியே மைனஸ் எட்டு என்று பலகை காட்டியது. நிஜ ஊராக இருந்தால் காலையில் அது ஐஸ் கட்டி.

காலையில் தயிராக இருந்தது. கிண்ணத்தைச் சாய்த்தால் அசையாத, ஏடு கட்டிய, முதல் தரமான தயிர்.

“ஏனுங்க, எந்திரிங்க. இதப் பாருங்க.”

சிபி கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். “தயிரு.”

“மைனஸ் எட்டுல எந்த ஊர்ல தயிரு ஒறையுது? நம்மூர்ல மார்கழிக்குத் துணி சுத்தி வெச்சாலே காலைல பாலாட்டம் ஆடுது.”

அவன் எழுந்து உட்கார்ந்தான். கிண்ணத்தை வாங்கி முகர்ந்து பார்த்தான்.

“எல்லாரும் படுத்ததுக்கப்புறம் மெசின நிறுத்திப் போடறானுங்க. கரண்டு மிச்சம் பண்றான். விடியக்கால மறுபடி போடறான். நாமெல்லாம் எங்கயோ கிருஷ்ணகிரில உக்காந்துட்டு இருக்கறமுங்க.”

“அந்தக் கயோவ ஒரு வார்த்த கேட்டுப் பாக்கலாம்.”

“கொட்டகைல சம்பளத்துக்கு நிக்கறவ நெசத்தச் சொல்லிருவாளா? கேட்டா உசாராயிருவாங்க.”

சிபியின் பார்வை அவள் மணிக்கட்டுக்குப் போனது. பெரியவர்கள் எல்லோர் கையிலும் இருந்தது போல அவள் கையிலும் சிவப்பு முத்திரை இருந்தது. பூங்கோதை போன்றவர்கள் போட்ட கூச்சலுக்குப் பிறகு பயண ஆணையம் கொண்டு வந்த ஏற்பாடு அது. செல்போன் காட்டுகிற இடத்தை யார் வேண்டுமானாலும் மாற்றிவிடலாம். முத்திரையை மாற்ற முடியாது. உடைத்தால், எந்த ஊரில் நிற்கிறோம் என்பதைச் செயற்கைக்கோளிடம் கேட்டு ஆணையமே சொல்லும். பொய் என்றால் ஏஜென்சிக்காரன் ஜெயிலுக்குப் போவான், முறை திரும்பக் கிடைக்கும். ஆனால் ஊர் திரும்பும் முன் உடைத்தாக வேண்டும்.

“நெசமா இருந்தா?” என்றான் சிபி.

அதையும் சட்டம் சொல்லியிருந்தது. ஆரம்பத்தில் ஆளாளுக்கு வேடிக்கைக்காக உடைத்துப் பார்த்ததில் ஆணையம் திணறிப்போய், ஒரு நிபந்தனை போட்டது. கேட்டுவிட்டால் பயணம் அத்துடன் முடிந்தது. மெய்யான ஊரைச் சந்தேகப்பட்டவர்கள் குடும்பத்தோடு அடுத்த விமானத்தில் வீடு திரும்ப வேண்டும், முறையும் போய்விடும்.

“நாளைக்குத் திருவிழா. புள்ளைங்க அதுக்காகத்தான் உசுர வெச்சுட்டு இருக்குதுங்க. ஒரு நா பொறுத்துப் போலாம் புள்ள.”

“நாளைக்குச் சாயங்காலமே நமக்குப் பிளைட்டு. திருவிழாக் கூட்டத்துல முத்திரைய ஒடைக்க விடாம ஏத்திட்டான்னா? பொய்யான நிமோரியப் பாத்துட்டு ஆயுசுக்கும் ஊட்டோட கெடக்கட்டுமா ரெண்டும்?” தூங்குகிற ஓவியனின் போர்வையை இழுத்து விட்டாள். “எனக்கொண்ணும் வேண்டாமுங்க. எம்புள்ளைங்கள எவனும் ஏமாத்தக் கூடாது.”

சிபி பிள்ளைகளை எழுப்பி ஸ்வெட்டர் மாட்டி, பனியில் விளையாட வெளியே கூட்டிப் போனான். நறுமுகை கட்டிலில் உட்கார்ந்து முத்திரையை உடைத்தாள். முறுக்கு நொறுங்குவது போல ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான்.

சென்னை ஆணையத்திலிருந்து ஒரு பெண் செவிமொழி வழியாகப் பேசினாள். தூக்கக் கலக்கமான, அலுத்துப்போன சென்னைக் குரல். “மேடம், நீங்க ஜப்பான்லதான் இருக்கீங்க. ஹொக்கைடோ. எந்தக் கலப்படமும் இல்ல. ரெக்கார்ட் ஆயிடுச்சு மேடம்.”

“இல்லீங்க. தயிரு ஒறஞ்சுருக்குதுங்க.”

“என்ன மேடம்?”

நறுமுகை நொறுங்கிய முத்திரைத் துண்டுகளைக் கூட்டி எடுத்தாள்.

ஒரு மணி நேரத்தில் உள்ளூர்ச் சோதனை அதிகாரி வந்தார். தகாசே என்று பெயர். சட்டப்படி, அவள் சந்தேகத்துக்கு என்ன காரணம் என்று எழுதி வாங்கினார். தயிர் என்று அவள் சொன்னதைச் செவிமொழி இரண்டு தரம் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் சிரிக்கவில்லை. விடுதியின் நடைக் கேமராவைக் கேட்டு வாங்கி, கையகலத் திரையில் ஓட்டிக் காட்டினார்.

அறை விளக்கு அணைந்து சற்று நேரத்தில் கயோ அந்தப் பக்கம் வருகிறாள். கிண்ணத்தைப் பார்த்து நிற்கிறாள். மூடியைத் தூக்கிப் பார்க்கிறாள். மூடிய கதவைத் தட்டுவதற்குக் கை ஓங்கிவிட்டு, தூங்குகிறவர்களை எழுப்ப மனமில்லாமல் கையை இறக்கிக்கொள்கிறாள். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கிண்ணத்தைச் சுற்றி, மார்போடு அணைத்து, வெந்நீர்க் கொப்பரை இருக்கும் அறைக்குக் கொண்டு போகிறாள். விடிவதற்கு முன் திரும்பக் கொண்டு வந்து, வைத்திருந்த இடத்திலேயே, மூடியின் கைப்பிடி இருந்த பக்கம்கூட மாறாமல் வைத்துவிட்டுப் போகிறாள்.

கயோ வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பு வரை குனிந்து பேசினாள். கேட்காமல் தொட்டது தப்பு, மறந்து வெளியே வைத்துவிட்டீர்களோ என்று நினைத்தேன், குழந்தைக்குக் காலையில் வேண்டுமே என்றுதான் செய்தேன், மன்னிக்க வேண்டும் என்று செவிமொழி சொல்லிக்கொண்டே போனது. நறுமுகை கயோவின் தோளைப் பிடித்துத் தூக்கினாள். மஞ்சளில் கலப்படம் பார்த்துப் பார்த்து, ஒருத்தி காட்டிய அன்பை அன்பென்று கண்டுகொள்ளத் தெரியாமல் போய்விட்டதே என்று உள்ளுக்குள் வெந்தாள்.

தகாசே இரக்கமுள்ளவர். திருவிழா முடியும் வரையாவது இருக்க விடலாமா என்று மேலே கேட்டுப் பார்த்தார். ஒருவருக்கு விட்டால் எல்லோரும் கேட்பார்கள் என்று பதில் வந்தது. அன்று மத்தியானமே வண்டி வந்தது.

தகாசே கொடுத்த முடிவுக் காகிதத்தைச் சிபி படித்தான். ‘மெய்’ என்று தமிழில் ஒரே ஒரு சொல். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். அவன் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகு, பின்சீட்டிலிருந்து இயல் கேட்டாள். “அம்மா, எதுக்கு இன்னைக்கே போறோம்? இது பொய் ஊராம்மா?”

உண்மையைச் சொன்னால், ஆயுளில் ஒரே தடவை கிடைத்ததை அம்மாவே உடைத்துவிட்டாள் என்று இந்தக் குழந்தை வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கும். நறுமுகை சிபியைப் பார்த்தாள். அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆமாங் கண்ணு,” என்றாள். “பொய் ஊருதான்.”

பிள்ளை அழும் என்று எதிர்பார்த்தாள். இயல் அழவில்லை. அவள் முகம் மலர்ந்தது.

“அப்பச் சரி. நம்ம முற அப்படியே இருக்குதில்ல? நெசமான ஜப்பானுக்கு இன்னொருக்காப் போலாம். டேய் ஓவியா, நாம நெசமான நிமோரியப் பாக்கப் போறோம்டா.”



வண்டி ரயில் நிலையத் தெருவில் திரும்பியது. மறுநாள் விழாவுக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. மேளம் அடித்தார்கள். ஊர்க் குழந்தைகள் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றார்கள். நடுத்தெருவில், தொப்பியும் விளக்குமாக, ஆள் உயரத்துக்கு நிமோரி நடந்து வந்தது. வண்டிக்குள் காது வைத்த தொப்பியைப் பார்த்துவிட்டு நின்றது. கண்ணாடிக்கு வெகு பக்கத்தில் வந்து, ஓவியனைப் பார்த்துக் கையை உயர்த்தி ஆட்டியது.

ஓவியன் துள்ளி எழுந்து கையைத் தூக்கினான். இயல் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

“அதுக்குக் காட்டாத,” என்றாள் அன்பாக. “அது பொய்டா. நெசமானது வரட்டும், அப்பக் காட்டு.”

ஓவியன் அக்கா சொன்னபடி கையை மடியில் வைத்துக்கொண்டான். வண்டி நகரும் வரைக்கும் நிமோரி கையை ஆட்டிக்கொண்டே நின்றது.